டீசல் டாங்கிக்கு ஒரு பூட்டு

ஹாசிம் நானாவின் லொறியைக் குறை சொல்லிவிட்டுப் புத்தளத்துக் கரைத்தீவில் ஒருவர் நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்துவிட முடியாது. முப்பது வயதான லொறி. நீல நிறம், அந்த நீலத்துக்கு மேல் இன்னொரு நீலம், அதற்கு மேல் கைக்கு அகப்பட்ட நீலம். சூடு காட்டும் முள் பத்து வருஷமாகப் படுத்த படுக்கை. ஹோன் அடித்தால் வைப்பர் ஆடும். ஆனால் ஹாசிம் நானாவைக் கேட்டால், ஜப்பான்காரன் இந்த ஒரு லொறியைச் செய்து பார்த்துவிட்டு, இனி இதைவிடத் திறமாகச் செய்ய ஏலாது என்று பட்டறையை மூடிவிட்டுப் போய்விட்டான் என்பார்.

மன்னாரை விட்டுத் தொண்ணூறாம் ஆண்டு ஒரு பையோடு வந்த மனுஷன் அவர். உப்பும் கருவாடும் ஏற்றி இறக்கித்தான் வீடு கட்டினார், இரண்டு பெண் பிள்ளைகளைக் கரைசேர்த்தார். முழங்கால் மடங்க மறுத்த நாளில் ஸ்டியரிங்கை அந்தோனிப்பிள்ளையிடம் கொடுத்தார். அந்தோனி வன்னிச் சண்டைக்குத் தப்பி வந்து பாலாவிப் பக்கம் குடியேறியவர். பேச்சுக் குறைவு. ஹாசிம் நானாவோ தூக்கத்திலும் பேசுகிற ஆள். அதனால் இருவருக்கும் பதினொரு வருஷமாக நன்றாக ஒத்துப்போனது.

வாரத்தில் இரண்டு தடவை கொழும்பு. போய்வந்த பின்னேரம் முற்றத்தில் இரண்டு கதிரைகளைப் போட்டுக்கொண்டு, ஓடிய கிலோமீற்றரை அடித்த டீசலால் வகுத்துப் பார்ப்பார்கள். சிலர் காட்ஸ் விளையாடுவதில்லையா, அந்த மாதிரி இது அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. லீற்றருக்கு எட்டு வரும். எப்போதும் எட்டுத்தான். எட்டு வந்ததும் ஹாசிம் நானா "மாஷா அல்லாஹ்" என்பார். அந்தோனி "பின்ன?" என்பார். அத்தோடு அவர் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடுவார்.

சண்டை முடிந்த அடுத்த வருஷம், ஆவணி பிறந்தபோது, அந்த எட்டு ஆறரைக்கு இறங்கிவிட்டது.

முதல் தடவை, வகுத்தது பிழை என்றார் ஹாசிம் நானா. இரண்டாம் தடவை, பெற்றோல் செட்டில் டீசல் குறைத்து அடித்துவிட்டார்கள் என்றார். வேறு செட்டில் அடித்துப் பார்த்தார்கள். அங்கேயும் அதே ஆறரை. டயருக்குக் காற்று அடித்தார்கள். ஆறரை. இரண்டு மூட்டை உப்பைக் குறைத்து ஏற்றினார்கள். ஆறரை. ஹாசிம் நானாவுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால்கூட மனுஷன் இப்படி இடிந்துபோய் உட்கார்ந்ததில்லை என்று அவருடைய மனைவி ஸக்கியா அயலட்டைக்குச் சொல்லித் திரிந்தாள்.

கடைசியில் பாலாவியில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் முபாரிஸ் பாஸிடம் லொறியைக் கொண்டுபோனார்கள். பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு முதல் கேள்வியாக, "எப்பவிலிருந்து நானா இப்பிடி?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு ஹாசிம் நானா நேராகப் பதில் சொல்லியிருந்தால் நான் உங்களை இங்கேயே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். சொல்லவில்லையே! "நோம்புப் பெருநாள் முடிஞ்ச கையோட" என்று வாய் கூசாமல் ஒரு பொய்யை எடுத்துவிட்டார். ஏன் பொய் சொன்னார் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். அவர் மூடி வைத்ததை நான் முந்திக்கொண்டு திறப்பது மரியாதையில்லை.

"எஞ்சின் சூடாகுதா?" என்று பாஸ் அடுத்ததாகக் கேட்டார்.

"சூடா! எந்த வண்டியப் பாத்துக் கேக்கிறாய்? சிலாபத்தில போய் நிப்பாட்டி எஞ்சின்ல கைய வையி. பச்சத் தண்ணி!"

முபாரிஸ் பாஸ் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். ஹாசிம் நானாவின் வாயிலிருந்து வரும் கதையில் முக்கால்வாசியைக் கழித்துவிட்டுத்தான் அந்த ஊரில் யாரும் மிச்சத்தைக் கேட்பார்கள். மனுஷன் அபூர்வமாக ஓர் உண்மையைச் சொன்ன நேரம் அதுவும் அந்தக் கழிவோடு சேர்ந்து போய்விட்டது.

பாஸ் எயார் ஃபில்டரைக் கழற்றினார். உப்பு, மணல், கருவாட்டுத் தூள் என்று அதற்குள் ஒரு கடையே இருந்தது. புதிது போட்டார்கள். ஆறரை. டீசல் பீச்சும் ஊசிகளைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். ஆறரை. பிரேக் இறுகிப் பிடிக்கிறதோ என்று நாலு சில்லையும் தூக்கிச் சுற்றிப் பார்த்தார்கள். சில்லுகள் ராட்டினம் மாதிரிச் சுற்றின. டாங்கிக்குக் கீழே படுத்து ஒழுக்குத் தேடினார்கள். ஒரு சொட்டு இல்லை. ஐப்பசி முடிந்தது, கார்த்திகையும் முடிந்தது. அந்த ஆறரை மட்டும் போட்ட இடத்தில் இருந்தது.

இதற்கிடையில் வீட்டுக்குள் வேறொரு சின்ன மனஸ்தாபம். அந்தோனிக்குப் பயணச் சோறு ஸக்கியாதான் கட்டிக் கொடுப்பாள். வாழையிலையில் சோறும் மீனும் வைத்துக் கட்டி, பேப்பர் சுற்றிக் கொடுத்தால், அந்தோனி அதைச் சாரதி இருக்கைக்கும் மற்ற இருக்கைக்கும் நடுவே எஞ்சினை மூடியிருக்கும் தகரத்தின் மேல் வைப்பார். அந்தப் பக்கத்து லொறிக்காரர் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். எஞ்சின் சூட்டில் சோறு மதியம்வரை ஆவி பறக்கும். இப்போது இரண்டு தடவை அந்தோனி வந்து, "ராத்தா, சோறு ஆறிப்போகுது" என்று சொல்லிவிட்டார்.

ஸக்கியாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. சுபஹு தொழுத கையோடு அடுப்படியில் நின்று கட்டிக் கொடுக்கிற சோற்றுக்கு இப்படி ஒரு பேச்சா? "ஆறின சோறு புடிக்காட்டி நான் பாண் கட்டித் தாறன் தம்பி" என்று சொல்லி, அடுத்த பயணத்திலிருந்து பாணும் சம்பலும் கட்ட ஆரம்பித்தாள். அந்தோனி அதையும் வாங்கிக்கொண்டு போனார். அவர் எதற்குத்தான் பேசினார்?

ஒரு நாள் காலையில் நூர்தீனின் தேத்தண்ணிக் கடையில் அந்தப் பேச்சு வந்தது. நூர்தீன் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "டயர் சரி, ஃபில்டர் சரி, பிரேக்கும் சரி. அப்ப லொறி குடிக்கயில்ல நானா. வேற ஆரோ குடிக்கிறாங்க. கற்பிட்டித் தோட்டக்காரர் தண்ணி இறைக்கிற மிஷினுக்கு டீசல் எவ்வளவு குடுத்தாலும் வாங்குவாங்க" என்றான்.

எல்லோரும் ஹாசிம் நானாவின் முகத்தைப் பார்த்தார்கள். இந்த இடத்தில் அவர் எழும்பி நின்று நூர்தீனின் வாயை அடைத்திருக்க வேண்டும். ஊரில் ஆடு கோழிக்கெல்லாம் பதில் சொல்கிற வாய், அன்றைக்கு வடையைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தது. அது போதாதா? மத்தியானத்துக்குள் கரைத்தீவு முழுக்க அந்தோனி டீசல் விற்கிறார் என்று ஆகிவிட்டது.

அந்தச் சொல் ஹாசிம் நானாவின் மண்டைக்குள் புகுந்து குடியிருக்கத் தொடங்கியது. பதினொரு வருஷத்தில் அந்தோனி ஒரு கருவாட்டுத் துண்டு எடுத்ததில்லை, தெரியும். தன் பிள்ளையின் கல்யாணத்துக்கு அந்தோனி மூன்று நாள் நித்திரை முழித்து ஓடியதும் தெரியும். தெரிந்துகொண்டே புத்தளம் போய் ஒரு பெரிய பித்தளைப் பூட்டும் சங்கிலியும் வாங்கி வந்தார். அடுத்த பயணத்தன்று புத்தளம் செட்டில் வாய்முட்ட டீசல் அடித்து, டாங்கியின் மூடிக்குப் பூட்டைப் போட்டு, சாவியை இடுப்பு பெல்ட்டில் செருகிக்கொண்டார். பட்டப்பகல். செட்டில் ஏழெட்டு வாகனங்கள் வரிசையில் நின்றன.

அந்தோனி பூட்டைப் பார்த்தார். ஒரு விரலால் அதைத் தொட்டும் பார்த்தார். ஏறி லொறியை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனார்.

மறுநாள் பின்னேரம் அதே செட்டில் ஹாசிம் நானா சாவியோடு காத்திருந்தார். லொறி வந்தது. பூட்டுப் போட்டபடியே இருந்தது, சங்கிலியில் ஒரு கீறல் இல்லை. திறந்து டீசல் அடித்தார்கள். பம்பில் இலக்கம் ஓடி நின்றது. ஹாசிம் நானா கையில் எழுதி வகுத்தார். இரண்டாம் தடவையும் வகுத்தார்.

ஆறரை.

அவருக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. பூட்டின டாங்கியிலிருந்து ஆர் டீசல் எடுப்பது? அந்தோனியின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. "சரி சரி, நாளைக்கு வேற ஒரு பாஸைப் பாப்பம்" என்று பம்பைப் பார்த்துச் சொன்னார்.

அந்தோனி லொறிச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார். "டாங்கிக்குப் பூட்டுப் போட்ட வண்டிய நான் ஓட்டமாட்டன் நானா. வேற ஆளைப் பாருங்கோ." குரல் உயரவில்லை. சொல்லிவிட்டுப் பாலாவிப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அந்தக் கிழமை ஹாசிம் நானா பட்ட பாட்டை என்னவென்று சொல்ல? பின்னேரமானால் பழக்கதோஷத்தில் இரண்டு கதிரைகளை முற்றத்தில் போடுவார். போட்டுவிட்டு ஒன்றைத் திரும்ப உள்ளே கொண்டுபோவார். புதிதாக ஒரு சாரதியை வைத்துப் பார்த்தார். அவன் முதல் நாளே கியர் மாற்றிய சத்தத்தில் இவருக்குப் பல் கூசியது. நாலாம் நாள் செய்தி வந்தது. ஆலங்குடாவில், வெள்ளைக்காரர் பட்டம் கட்டிக் கடலில் ஓடுகிற இடத்தில், ஒரு ஹோட்டல் வேனை ஓட்ட அந்தோனியைக் கேட்டிருக்கிறார்களாம். ஒரு கிழமை ஓட்டிப் பார்க்கட்டும், பிடித்தால் வெள்ளிக்கிழமை நிரந்தரமாகக் கையெழுத்து என்று பேச்சாம்.

"வெள்ளிக்கிழமையோட அந்தோனி இல்ல" என்று ஹாசிம் நானா ஸக்கியாவிடம் சொன்னார். சொல்லும்போது குரல் தழுதழுத்தது. லொறிக்குச் சாரதி போகிறான் என்று அழுகிற மனுஷன் இல்லை அவர். அந்தோனி போகிறான் என்றுதான் அழுதார்.

"போய் மன்னிப்புக் கேளுங்களேன்."

"என்னெண்டு கேக்கிற? டீசல் எங்க போகுதெண்டு இன்னும் தெரியாது. வெறுங்கையோட போய், நீ எடுக்கயில்லத்தான், ஆனா ஆர் எடுக்கிறதெண்டு தெரியாதெண்டு சொல்லவா?"

புதன்கிழமை சிலாபத்து வியாபாரி கருவாடு கேட்டு ஆள் அனுப்பினார். புதுச் சாரதியும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். வேறு வழியில்லாமல் ஹாசிம் நானா தானே லொறியை எடுத்தார். "அந்த முழங்காலோட தனியப் போக விடமாட்டன்" என்று ஸக்கியாவும் ஏறிக்கொண்டாள். இருவருக்கும் சோறு கட்டி, இலையும் பேப்பருமாய் எஞ்சின் தகரத்தின் மேல் வைத்தாள். வழி நெடுக அவர் கிளச்சை மிதிக்கும்போதெல்லாம் "யா அல்லாஹ்" என்றார். அவள் "மெதுவா, மெதுவா" என்றாள்.

சிலாபத்தில் கருவாட்டை இறக்கிவிட்டு, களப்புத் தண்ணீரோரம் ஒரு மரநிழலில் நிறுத்திச் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஸக்கியா பார்சலைப் பிரித்து விரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்கவில்லை.

"இஞ்சேருங்க, இதென்ன? சோறு ஆறிக் கிடக்கு."

"காலையில கட்டின சோறு ஆறாம என்ன செய்யும்?"

"முந்தி உங்களோட கொழும்புக்கு வந்த நாளெல்லாம் எலையப் பிரிக்க ஏலாம கை சுடும். எல வெந்து கறுத்திருக்கும்." அவள் லொறிக்குள் எட்டி, எஞ்சின் தகரத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். "அடுப்பே பத்தல்லையே! அந்தோனி ரெண்டு தரம் சொன்னான். நான் என்ட சமையலச் சொல்றானெண்டு கோவிச்சு அவனுக்குப் பாண் கட்டிக் குடுத்தனே, அல்லாஹ்வே!"

ஹாசிம் நானா பெருமையாக மீசையைத் தடவினார். "அது எஞ்சின் சூடாகாது. அதுக்கு நான் ஒரு கைவேலை செஞ்சு வச்சிருக்கன்" என்றார்.

சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் ஸக்கியாவோடு முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியவருக்குத் தெரியும், வாயைவிட்டு விழுந்ததை அவளிடமிருந்து திரும்பப் பொறுக்க முடியாது.

"என்ன கைவேலை?"

"ஒண்டுமில்ல."

"விடுங்க லொறிய, முபாரிஸ்ட கராஜுக்கு" என்றாள் ஸக்கியா. சோற்றை அப்படியே மடித்துக் கட்டிவிட்டாள்.

பாலாவிக்கு வந்து சேர்ந்ததும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே முபாரிஸ் பாஸ் இருக்கையைத் தூக்கி, ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர்க் குழாயைக் கையால் பிடித்தார். சிலாபத்திலிருந்து ஓடி வந்த லொறி. பிடித்த கை சுட்டு உதறியிருக்க வேண்டும். அவரோ குழந்தையின் கையைப் பிடித்த மாதிரிச் சுகமாகப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஹாசிம் நானாவை ஒரு பார்வை பார்த்தார். இரண்டு நட்டைக் கழற்றி, அந்தக் குழாய் எஞ்சினில் சேரும் இடத்து மூடியைத் திறந்தார். உள்ளே தேர்மோஸ்டட் என்கிற வால்வு இருக்கிற இடம் காலியாக இருந்தது. மூடிக்குக் கீழே, தண்ணீர் கசியாமல் வைக்கும் பெக்கிங்குக்குப் பதிலாக ஒரு மட்டை வெட்டி வைக்கப்பட்டிருந்தது. தண்ணீரில் ஊறிப்போயிருந்தாலும் அதில் பாதிப் பிஸ்கட்டின் படம் தெரிந்தது.

ஸக்கியா அதை விரல் நுனியால் தூக்கிப் பார்த்தாள். "இது நாங்க மன்னாருக்குப் போகக்குள்ள புள்ளையளுக்குக் கொண்டு போன பிஸ்கட் பெட்டியெல்லோ?"

இனி நானும் மறைத்துப் பயனில்லை. நடந்தது இதுதான். ஆடிக் கடைசியில், அந்தோனி தலவில அன்னம்மா திருவிழாவுக்கு லீவு எடுத்த கிழமை, எலுவன்குளம் தாண்டிக் காட்டுக்குள்ளால் போகும் பழைய மன்னார்ப் பாதை திறந்திருக்கிறது என்று ஹாசிம் நானா சொந்தபந்தம் இருபது பேரை லொறியில் ஏற்றினார். இருபது வருஷத்துக்குப் பிறகு ஊர் பார்க்கிற பயணம். "ஒரு சொட்டுத் தண்ணி கேக்காமப் போய் வரும் என்ட வண்டி" என்று நூர்தீனின் கடையில் மார்தட்டிவிட்டுத்தான் புறப்பட்டார். நடுக்காட்டில், மணலில் முதலாம் கியரில் முக்கி முக்கிப் போன லொறி கொதித்துவிட்டது. மானம் போகிற நேரம். "வண்டி கொஞ்சம் இளைப்பாறட்டும், நீங்க மரத்தடியில இருந்து தின்னுங்க" என்று சனத்தை அனுப்பிவிட்டு, இருக்கையைத் தூக்கித் தலையை உள்ளே விட்டார். தண்ணீர் ஓட்டத்தை மறிப்பது அந்த வால்வுதானே என்று அதைக் கழற்றிக் காட்டுக்குள் வீசினார். பிஸ்கட் பெட்டியில் மட்டை வெட்டி மூடினார். லொறி அதற்குப் பிறகு கொதிக்கவில்லை.

ஊரில் வீடு நின்ற இடத்தில் கிணறு மட்டும் இருந்தது. அந்தக் கிணற்றைச் சுற்றி நின்று இருபது பேரும் அழுதார்கள். ஹாசிம் நானாதான் கூடுதலாக அழுதார். அதற்குப் பிறகு வால்வு ஆருக்கு ஞாபகம்? ஞாபகம் வந்தபோதும், திரும்பி வந்து "ஒரு சொட்டுத் தண்ணி கேக்கயில்ல" என்று ஊர் முழுக்கப் பறைசாற்றியாயிற்று. கொதித்தது என்று இனி எந்த வாயால் சொல்வது? அதனால்தான் பாஸிடமும் பெருநாளைச் சாட்டிவிட்டார். அதுவும் போக, தான் லொறியைத் திருத்திவிட்டதாகத்தான் மனுஷன் மெய்யாகவே நினைத்திருந்தார்.

"டீசல் எஞ்சினுக்குச் சூடு வேணும் நானா" என்றார் முபாரிஸ் பாஸ். "சூடேறும்வரைக்கும் தண்ணிய மறிச்சு வைக்கத்தான் அந்த வால்வு. அது இல்லாட்டி எஞ்சின் குளிர்ந்து கிடக்கும், டீசல் முழுசா எரியாது. ஈர விறகு வச்ச அடுப்பு மாதிரி. விறகும் முடியும், உலையும் கொதிக்காது. நோம்புப் பெருநாள் முடிஞ்ச கையோடயெண்டு எனக்குச் சொன்னீங்களே! மன்னார் போய் வந்த பிறகெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அண்டைக்கே இதத்தான் முதல்ல திறந்திருப்பன்."

ஹாசிம் நானா அங்கே கிடந்த பழைய டயரில் உட்கார்ந்துவிட்டார். ஸக்கியா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவருக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

"வால்வக் கழட்டினீங்க, அது போகட்டும். பெருமைக்குப் பொய் சொன்னீங்க, அதுவும் உங்கட பழக்கம். அந்தப் புள்ளைட டாங்கிக்குப் பூட்டுப் போட்டீங்களே!"

முபாரிஸ் பாஸ் புது வால்வு ஒன்று போட்டார். ஹாசிம் நானா டாங்கியிலிருந்த பூட்டையும் சங்கிலியையும் கழற்றினார். வியாழக்கிழமை புத்தளம், அனுராதபுரப் பாதை என்று ஓடிப் பார்த்தார்கள். ஏழே முக்கால் வந்தது. ஹாசிம் நானா அதைப் பார்த்து "மாஷா அல்லாஹ்" சொல்லவில்லை. பக்கத்தில் "பின்ன?" என்று சொல்ல ஆள் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நூர்தீனின் கடை நிறைந்திருந்தது. ஹாசிம் நானா உட்காராமல் வாசலிலேயே நின்றார். "எல்லாரும் ஒருக்காக் கேளுங்க. மன்னார்ப் பாதையில என்ட லொறி கொதிச்சது. நல்லாக் கொதிச்சது. நான் மடத்தனமா ஒரு சாமானக் கழட்டி எறிஞ்சன், அதாலதான் டீசல் கூடக் குடிச்சது. அந்தோனி ஒரு சொட்டு எடுக்கயில்ல. இந்தக் கடையில அவனப் பத்திப் பேசினது பொய். அத நான் வாய மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தது பெரிய பிழை" என்றார்.

கடை முழுக்க "கொதிச்சதா!" என்று வெடித்துச் சிரித்தது. கொதித்த செய்திக்கு இருந்த மவுசு அந்தோனியின் நல்ல பெயருக்கு இருக்கவில்லை என்பது உண்மைதான். அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். நூர்தீன் மட்டும் சிரிக்காமல் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு நின்றான்.

அங்கிருந்து நேரே ஆலங்குடாவுக்கு லொறியை விட்டார். ஸக்கியா வருகிறேன் என்றதற்கு, "இது நான் தனியப் போக வேண்டிய இடம்" என்றுவிட்டார். பாலாவியில் திரும்பிக் கற்பிட்டிப் பாதையில் ஏறியதும், பக்கவாட்டுக் காற்று லொறியைப் போட்டு உலுப்பியது. முழங்கால் நெருப்பாய் எரிந்தது.

ஹோட்டல் முற்றத்தில் அந்தோனி வெள்ளை வேன் ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தார். கடலில் கலர் கலராகப் பட்டங்கள் இழுபட்டுக்கொண்டிருந்தன. லொறியின் சத்தம் கேட்டதும் திரும்பாமலே, "சத்தம் சரியாகிட்டுது" என்றார்.

"வால்வு. நான்தான் கழட்டினது. காட்டுக்குள்ள."

"கேள்விப்பட்டன். நீங்க வந்து சேர முந்தி கடைப் பேச்சு வந்து சேந்திட்டுது. நூர்தீனே போன் பண்ணினவர்."

"அப்ப வா, போவம்."

அந்தோனி தண்ணீர்க் குழாயை மூடினார். "பூட்டுப் போட்டதுக்கு எனக்குக் கோவம் இல்ல நானா. ஊர்ச்சனம் கதைச்சதுக்கும் இல்ல. நாலு மாசம் ஒவ்வொரு பின்னேரமும் உங்களுக்குப் பக்கத்திலதான் இருந்தன். டயரக் கேட்டீங்க, ஃபில்டரக் கேட்டீங்க, செட்காரனக் கேட்டீங்க. என்னட்ட ஒரு வார்த்த கேக்கயில்ல. அந்தோனி, நீ எடுத்தியா எண்டு கேட்டிருந்தா, இல்ல எண்டு சொல்லியிருப்பன். அதோட முடிஞ்சிருக்கும்."

"நீ எடுக்க மாட்டாயெண்டு எனக்குத் தெரியும்டா."

"தெரிஞ்சா என்னத்துக்குப் பூட்டு?"

ஹாசிம் நானா பூட்டில்லாத டாங்கியைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப கேளுங்கோ" என்றார் அந்தோனி.

"எல்லாம் தெரிஞ்ச பிறகு இப்ப என்னத்தக் கேக்கிற?"

"கேளுங்கோ நானா."

வாய்க்குப் பூட்டே இல்லாத மனுஷன் அவர். அந்தச் சின்னக் கேள்விக்கு மட்டும் அந்த வாய் பூட்டிக்கொண்டது. கடலைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். அந்தோனி அசையாமல் நின்றார். கடைசியில் ஹாசிம் நானா நிமிர்ந்து, பதினொரு வருஷமாகத் தெரிந்த அந்த முகத்தை நேராகப் பார்த்தார்.

"அந்தோனி, நீ டீசல் எடுத்தியா?"

"இல்ல நானா."

ஹாசிம் நானா தலையை ஆட்டினார். கண்ணீர் தாடியில் இறங்கியதை அவர் துடைக்கவில்லை. அந்தோனி உள்ளே போய் வேன் சாவியைக் கொடுத்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். லொறியின் சாரதிப் பக்கக் கதவைத் திறந்து, "அந்தப் பக்கம் போய் ஏறுங்கோ" என்றார்.